காக்கைக்கு வழிவிட்ட கவண்

அன்று கிருத்திகை. மலையில் சாமி பார்த்துவிட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் போன் அடித்தது. கரீம் பாய். அவர் எனக்குப் போன் செய்வதே கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஜமீலா அக்காவிடம் சொல்வார், அக்கா மாடிச் சுவர்மேல் எட்டி என்னிடம் சொல்வார்.

"கோமதிம்மா, மலையிலயா இருக்கீங்க?"

"ஆங், எறங்கிகினு இருக்கேன் பாய்."

"மெதுவா எறங்குங்க. கம்பியப் புடிச்சிக்குங்க." பிடித்துக்கொண்டேன். "ஜமீலா போய்ட்டாம்மா."

மூச்சுத்திணறல் என்று அரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஏறுகிறவர்கள் அரோகரா சொல்லிக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார்கள். அந்த நிலையிலும் பாய் நான் தடுக்கி விழக்கூடாது என்று முதலில் கம்பியைப் பிடிக்கச் சொன்னாரே, அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவோடு முப்பது வருடம் குடித்தனம் செய்தவர் அல்லவா.

நம் தெருக்காரர்களுக்கு நான் ஜமீலா அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டூவீலர் மெக்கானிக் கரீம் பாயின் மனைவி. உங்களில் பாதிப்பேர் வீட்டு மிக்ஸி அவர் கைபட்டுத்தான் இன்னும் ஓடுகிறது. நம் மகளிர் குழு அவர் நினைவாக நாலு பக்கம் அச்சடிக்கப் போகிறது, நீயும் எழுது என்றார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். மற்றதெல்லாம் பேப்பரும் கோயில் புத்தகங்களும் படித்து நானாகக் கற்றுக்கொண்டது. ஆனாலும் அக்கா எனக்குச் செய்த ஒன்று இந்தத் தெருவில் பலருக்குத் தெரியாது. என் மாடியிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை "டபக்" என்று சத்தம் வருகிறதே, அது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் சிரித்து மழுப்பியிருக்கிறேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

அக்கா எனக்குப் பழக்கமானதே ஒரு சத்தத்தால்தான். நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிது. மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப்புறமிருந்து ஒரு குரல்: "ஏம்மா புதுசா வந்தவளே, சட்னி அரைக்கிறியா, ரோடு போடுறியா?" அடுத்த ஐந்து நிமிடத்தில் என் அடுப்படியில் நின்றார். மிக்ஸியைத் தலைகீழாகக் கவிழ்த்து, கீழே தேய்ந்துபோன ரப்பர் பல்லைக் காட்டினார். "இத்தினி நாளா கத்திகினே இருந்திருக்கு. நீ காது குடுக்கல." எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் அவருடைய முதல் கேள்வி, இது என்ன சொல்கிறது என்பதுதான். மனிதர்களிடம் மட்டும் அவ்வளவு பொறுமை கிடையாது. திட்டுவார். என்னை அதிகம் திட்டியவர் என் அம்மாவுக்கு அடுத்து அவர்தான்.

என் வீட்டுக்காரர் சிறுநீரகம் கெட்டு இறந்தது உங்களுக்குத் தெரியும். கடைசியில் உப்பு ஒரு கல்கூடச் சேர்க்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு புதன்கிழமை மத்தியானம் அவர் கொஞ்சம் மாங்காய் ஊறுகாய் கேட்டார். "சாப்பிடலம்மா, நாக்குல தடவினா போதும்" என்றார். டாக்டர் திட்டுவார் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை போய்விட்டார். அந்த ஜாடி எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை.

அமாவாசைக்கு அமாவாசை சமைத்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்கு வைத்துவிட்டு, அது வாய்வைத்த பிறகு சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த ஊரில் அது லேசான காரியமில்லை. மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் மாடிமாடியாக வருகின்றன. நான் இலையை வைத்துவிட்டு, படி முகப்பில் போட்டிருக்கும் கிரில் கதவுக்குப் பின்னால் வந்து நிற்பதற்குள் இலை காலி. மறுபடி வைப்பேன், மறுபடி காலி. கதவைத் திறந்துகொண்டு விரட்டப் போனபோது ஒரு பெரிய கடுவன் குரங்கு என் புடவையைப் பிடித்து இழுத்துவிட்டது. அதிலிருந்து வெளியே நிற்கப் பயம். காக்கைகள் தூரத்தில் டிஷ் ஆன்டெனாமேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நான் மூன்று மணி, நான்கு மணிவரை சாப்பிடாமல் இருப்பேன்.

மூன்றாவது அமாவாசையும் அப்படியே போனபோது, அம்மையார்குப்பத்திலிருந்து என் நாத்தனார் போனில் கேட்டார்: "காக்கா தொடலயா? அவனுக்கு இன்னும் மனசு ஆறல போலக்கீது. கடைசியா இன்னா கேட்டு நீ குடுக்காம வுட்ட?" அவர் தம்பியை இழந்தவர், பேச்சுவாக்கில் கேட்டார். அடுத்த அமாவாசையிலிருந்து சோற்றின் ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாயும் வைக்க ஆரம்பித்தேன். குரங்குகள் சோற்றை அள்ளிக்கொண்டு ஊறுகாயைச் சுவரில் தேய்த்துவிட்டுப் போயின.

அந்த நான்காவது அமாவாசை அன்றுதான் மாடிப்படியில் மயங்கி விழுந்தேன். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டிருந்தேன், நாலு மணிவரை பச்சைத் தண்ணீர் மட்டும். தட்டு உருண்ட சத்தம் கேட்டு ஜமீலா அக்கா பின்வாசல் வழியாக ஓடிவந்தார். டம்ளரில் சர்க்கரைத் தண்ணீர் கலந்து வாயருகில் கொண்டுவந்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"இன்னும் காக்கா சாப்பிடலக்கா."

"நீ செத்துப்போனா உனக்கு எந்தக் காக்கா வந்து அழும்? குடிடி. இது சாப்பாடு இல்ல, மருந்து. மருந்துக்கு உங்க சாமி ஒண்ணும் சொல்லாது."

குடித்தேன். குடித்ததும் அழுகை வந்துவிட்டது. ஊறுகாய் விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரர் என்மேல் கோபமாக இருக்கிறார், அதனால்தான் காக்கை வரவில்லை என்றேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தேற்றுவார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"கொரங்கு எத்தினி மணிக்கு வருது?"

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். பால் வந்த நேரம், சிலிண்டர் மாற்றிய நாள், மலையேறிய நாள், எல்லாம் இருக்கும். குரங்கும் இருந்தது. "பதினொண்ணே காலுக்கு. ஏழு பெருசு, ரெண்டு குட்டி."

"எங்கிருந்து?"

"பின்னாடி காலி மனைப் புங்கமரத்துலருந்து."

"உங்க காக்கா கணக்கு எனக்குத் தெரியாது கோமதி. ஆனா கொரங்கு தெரியும். அதுக்குப் பசி. சோறு எங்க கீதோ அங்க போவும். உன் வூட்டுக்காரர் வராம இல்ல, வர்ற வழியில ஒம்போது பேரு குந்திகினு இருக்கானுங்க."

எனக்கும் ஒரு யோசனை தோன்றியது. அந்த நேரத்தில் காலி மனையில் போய் வேர்க்கடலை போட்டுவிட்டால்? மறுநாளே போய்ப் பார்த்தேன். பையோடு பிடுங்கிக்கொண்டன. நான் தெருவைச் சுற்றிவந்து மாடி ஏறுவதற்குள் தின்றுமுடித்துவிட்டு எனக்கு முன்னால் மாடியில் நின்றன. மாடியிலிருந்தே வீசலாமென்றால் கதவைத் திறக்க வேண்டும். கையில் கடலையைப் பார்த்தால் கடுவன் சும்மா விடாது. நான் கிரிலுக்கு உள்ளேயே இருக்க வேண்டும், கடலை மட்டும் பின்பக்கச் சந்து தாண்டி மனையில் போய் விழ வேண்டும். இதை அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப வீசறதுக்கு வெளிய ஒரு ஆள் வேணும். கடிச்சா வலிக்காத ஆள்" என்றார்.

"அடிக்கக் கூடாதுக்கா. ஆஞ்சநேயர்."

"யாருடி அடிக்கப்போறா? விருந்து வெக்கப்போறோம்."

ஞாயிற்றுக்கிழமை என் மாடியில் வேலை நடந்தது. அக்கா தன் வீட்டுப் பழைய மர ஸ்டூலைக் கால்கள் மேலே நிற்கும்படி கவிழ்த்தார். முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே சைக்கிள் டியூபைக் கீறி எடுத்த ரப்பர் பட்டையைச் சுற்றிச்சுற்றிக் கட்டினார். களி கிண்டுகிற என் துடுப்பின் காம்பை அந்தப் பட்டைகளுக்கு நடுவில் சொருகி, முறுக்கினார். துணி பிழிவதுபோல முறுக்க முறுக்கத் துடுப்புக்கு ஆவேசம் ஏறியது. பின்பக்கம் இழுத்து விட்டால் சுவரைப் பிளக்கிறாற்போல் முன்னால் பாய்ந்தது. அதன் தலையில் பாதிக் கொட்டாங்குச்சியைக் கம்பி போட்டுக் கட்டினார். பின்னங்கால்களுக்குக் குறுக்கே ஒரு கட்டை, அதில் ஒரு கயிற்று வளையம். துடுப்பைக் கீழே அழுத்தி, அந்த வளையத்தை அதன்மேல் போட்டு, நழுவாமல் ஒரு ஸ்க்ரூ டிரைவரைச் சொருகிவிட்டால் அப்படியே படுத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரின் பிடியில் கட்டிய கயிறு கிரில் கதவுக்குள் வந்தது. உள்ளிருந்து இழுத்தால் அது உருவிக்கொள்ளும், துடுப்பு எழும்பும். ஸ்டூல் புரளாமலிருக்க மேலே இரண்டு செங்கல்.

முதல் கடலை எங்கள் காலடியிலேயே தரையில் அறைந்து சிதறியது. அக்கா ஸ்டூலைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "நிக்கத் தெரியல. எங்க நிக்கணும்னு இதுக்கு யாரும் சொல்லல" என்றவர், தன் வீட்டுக்குப் போய்ச் சப்பாத்திக் கட்டையைக் கொண்டுவந்து முன்னங்கால்களின் நுனியில் குறுக்கே கட்டினார். துடுப்பு அதில் இடித்து நின்றது, கடலை மட்டும் பறந்தது. அந்த இடிக்கிற சத்தம்தான் நீங்கள் கேட்டது.

சாப்பாட்டுக்கு வந்த பாய் மாடி ஏறிவந்து பார்த்தார். "கடையில டியூப் ஒண்ணு காணல."

"சப்பாத்திக் கட்டையுந்தான் காணாது. கேக்காத."

"அப்ப இன்னிக்கு சப்பாத்தி?"

"சோறு" என்றார் அக்கா திரும்பிப் பார்க்காமல். பாய் என்னைப் பார்த்து, "மாட்டிகினீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப்போனார்.

முறுக்குவது அக்கா, எழுதுவது நான். எட்டு முறுக்குக்கு எங்கள் மாடியிலேயே விழுந்தது. பன்னிரண்டுக்குச் சந்து. பதினைந்துக்கு மனையின் நடு. அக்காவுக்கு ஆசை விடவில்லை, பதினெட்டு முறுக்கினார். அது மனையைத் தாண்டி யாருடைய தகரக் கொட்டகை மேலோ ஆலங்கட்டி மழைபோல் விழுந்தது. "எவன்டா அது!" என்று ஒரு குரல். நாங்கள் இரண்டு பேரும் கைப்பிடிச் சுவருக்குக் கீழே குந்திக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தோம். அக்கா போனதிலிருந்து அந்தச் சிரிப்பு முகம்தான் எனக்கு அடிக்கடி வருகிறது. நோட்டில் பதினைந்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.

அமாவாசை அன்று ஒரு தப்புச் செய்தேன். எங்கள் வீட்டில் எந்தப் புதுக் கருவியையும் பூஜை போடாமல் உபயோகிப்பதில்லை. காலையில் குளித்துவிட்டு மாடிக்குப் போய் ஸ்டூலைக் கழுவித் துடைத்து, கால்களுக்கு மஞ்சள், துடுப்புக்குக் குங்குமம், கொட்டாங்குச்சிக்குள் குழைத்த சந்தனம், எல்லாம் இட்டேன். பதினொன்றே காலுக்குக் குரங்குகள் புங்கமரத்தில் தெரிந்தன. அக்கா துடுப்பை மாட்டினார், நான் கடலையை நிரப்பினேன், இரண்டு பேரும் உள்ளே வந்து கதவைத் தாழிட்டோம். கயிற்றை இழுத்தேன். டபக். கடலை பறக்கவில்லை. ஈரச் சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டு மட்டும் உதிர்ந்து மாடித் தரையில் உருண்டன. அந்த இரண்டைப் பார்த்து ஒன்பதும் எங்கள் மாடியை நோக்கிக் கிளம்பின.

"கொட்டாங்குச்சில இன்னாத்தடி பூசின?"

"சந்தனம்கா."

"உங்க சாமி நல்லா இருக்கட்டும். பூசறத கால்ல பூசு, வாயில பூசாத!"

சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். நான் "அக்கா, அக்கா" என்று கத்துகிறேன். அவர் இடது கையில் என் பெரிய குக்கர் மூடி, கேடயம் மாதிரி. கடுவன் கைப்பிடிச் சுவரில் வந்து உட்கார்ந்து பல்லைக் காட்டியது. அக்கா அதைப் பார்த்து, "இருடா, பந்தி போட்டுகினு இருக்கோம்ல" என்றார். முந்தானையால் கொட்டாங்குச்சியைத் துடைத்தார், முழங்காலால் துடுப்பை அழுத்தினார், மாட்டினார், கடலையைக் கொட்டினார், பின்னாலேயே நடந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "இழு!"

இழுத்தேன். கடலை மாடியைத் தாண்டி, சந்தைத் தாண்டி, மனையின் காய்ந்த சருகுமேல் சடசடவென்று விழுந்தது. கடுவன் கழுத்தைத் திருப்பியது. ஒரு குட்டி முதலில் தாவியது. அப்புறம் எல்லாம் போய்விட்டன.

இலையை வைத்துவிட்டு வந்து நின்றேன். சோறு, சாம்பார், வாழைக்காய், வடை, ஓரத்தில் ஊறுகாய். "கா, கா" என்று கூப்பிட்டேன். இப்போதும் காக்கை வராவிட்டால் குரங்கைக் காரணம் சொல்ல முடியாது. அதுதான் பயம். அக்காவுக்கு அது புரிந்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டார், எண்ணெய்ப் பிசுக்குள்ள கை.

ஆன்டெனாமேலிருந்து ஒன்று இறங்கி வந்தது. சுவரில் இரண்டு தாவல் வைத்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. சோற்றைக் கொத்தியது. பின் வடையைத் தூக்கிக்கொண்டு பறந்தது. இன்னும் இரண்டு வந்தன. பத்து நிமிடத்தில் இலையில் மிச்சமிருந்தது ஊறுகாய்த் துண்டு மட்டும்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அத்த தொடலக்கா" என்றேன்.

"பாத்தேன். அது மேலயே கோவம்னா மொதல்ல அத்தத்தான எடுத்துருக்கணும்? வடையத் தூக்கிகினு போறார் மனுஷன். ஊறுகாய மறந்து எத்தினி நாளாச்சோ. நீதான் கட்டிகினு அழுற."

இது சாஸ்திரப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அக்கா என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. கீழே போய், ஒரு தட்டில் எனக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்து மடியில் வைத்தார். சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

அதன்பின் ஒரு அமாவாசைகூட அவர் வராமலிருந்ததில்லை. நாலைந்து மாதத்தில் குரங்குகள் பதினொரு மணிக்கே மனையில் போய் வரிசையாக உட்கார ஆரம்பித்தன. "டிக்கெட் வாங்கிகினு குந்தியிருக்கானுங்க பாரு" என்பார். ஒரு வருடம் நோன்பு மாதக் கடைசியில் அமாவாசை வந்தது. வெயில். வாய் வறண்டுபோய் வந்து நின்றார். எனக்குத் தட்டில் கைவைக்கக் கூச்சமாக இருந்தது. நீங்கள் பட்டினியாய் நிற்கும்போது நான் எப்படி, என்றேன். "எனக்குச் சாயந்தரம் வரைக்கும் டைம் கீது. உனக்கு டைம் ஆய்டுச்சு. ரெண்டுத்தயும் போட்டுக் கொழப்பாத" என்றார். அன்று என் தட்டைப் பார்த்து, "ஊறுகா எங்க?" என்றார். வீட்டுக்காரர் போனதிலிருந்து நான் தொடுவதில்லை என்றேன். அக்காவே அடுப்படிக்குப் போய் ஜாடியைக் கொண்டுவந்து, ஒரு துண்டு எடுத்துத் தட்டில் வைத்தார். நோன்பிருக்கிற விரலை நாக்கில் வைக்காமல் புடவையில் துடைத்துக்கொண்டார். நான் சாப்பிட்டேன்.

அடக்கத்துக்கு அடுத்த வாரம் அமாவாசை. ரப்பர் தளர்ந்துவிட்டது, பதினேழு முறுக்கு வேண்டியிருந்தது. தனியாகவே முறுக்கினேன், தனியாகவே இழுத்தேன். காக்கைகள் வந்தன. நானும் நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, சாப்பிடாமலிருப்பவர் பக்கத்தில் போய் நிற்பது. அதனால் அன்று ஒரு தூக்கில் சோறும் இன்னொன்றில் ரசமும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். "அத்தா எதுவுமே சாப்புட மாட்டேங்கிறாரு ஆன்ட்டி" என்று அவர்கள் மகள் வாசலிலேயே சொன்னாள். பாய் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடை திறக்கவில்லை.

"வெச்சிட்டுப் போங்கம்மா. அப்புறம் சாப்புடறேன்."

"தூக்கு வேணும் பாய். இருந்து வாங்கிகினு போறேன்."

என் வீட்டில் வேறு பாத்திரமே இல்லையா என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மகள் தட்டில் போட்டுக் கொடுத்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே வெகுநேரம் இருந்தார். நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். ஒரு வாய் எடுத்தார். இரண்டு. கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். பிறகு தலை நிமிராமலே, "ரசம் இன்னும் கொஞ்சம் இருக்குதாம்மா?" என்றார்.

இருந்தது.